பேரல் வாங்கப் போகிறீர்களா? குண்டிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் ரெமிங்டன் 700 ரைஃபிளைப் பற்றி ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தார். 308 வின்செஸ்டர் தோட்டா போடும் துப்பாக்கி. 100 கஜத்தில் ஐந்து முறை சுட்டால் தாளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். "பேரல் போச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். புதுப் பேரலுக்கு முன்பணம் கட்டவிருந்த வாரத்தில் ரேஞ்சில் உட்கார்ந்து ஸ்கோப்பை விரலால் நெம்பிப் பார்த்தோம். லேசாக ஆடியது. முன்பக்கத் தாங்கியின் திருகாணி முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டுச் சுட்டால், அதே பேரலில் அதே தோட்டா ஐந்தும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தது.

அதனால் முதல் படி கடைக்குப் போவதல்ல, சந்தேகப்படுவது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்கோப் திருகாணிகளையும், கட்டையோடு துப்பாக்கியைப் பிணைக்கும் திருகாணிகளையும் சோதியுங்கள். ஒரு ரூபாய்த் தாளைப் பேரலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், தடங்கலில்லாமல் போகவேண்டும். கட்டையின் அழுத்தத்தோடு பொருத்தப்படும் சில மாதிரிகள் உண்டு என்றாலும், எங்காவது ஒரு பக்கம் மட்டும் உரசினால் சூடேறும்போது குண்டு திசை மாறும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பேரல் வாய்க்குள் விட்டு, விளிம்பை உரசியபடி வெளியே இழுங்கள். பஞ்சு நூல் எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு சிறு கீறல் இருந்தாலும், பின்னால் வரும் வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். இதைச் சரிசெய்யப் பட்டறையில் அரை மணி நேரம் போதும், புதுப் பேரல் தேவையில்லை. உள்ளே படிந்த செம்புக் கறையை முழுக்க எடுத்துவிட்டு, மூன்று நான்கு வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். ஒரு பேரலுக்குப் பிடிக்காத தோட்டா இன்னொன்றில் அற்புதமாகப் போகும்.

இத்தனைக்குப் பிறகும் சிதறுகிறதா? அப்போது பேரலைப் பேசலாம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

துப்பாக்கிக்காரர்களின் அளவுகோல் எம்ஓஏ, சிதறலை அளக்கும் கோண அளவு. 100 கஜத்தில் ஒரு எம்ஓஏ என்பது 1.047 அங்குலம், ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். விஸ்கான்சின் காட்டில் நிற்கும் வெண்வால் மானின் நெஞ்சில் குண்டு படவேண்டிய இடம் ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். ஒன்றரை எம்ஓஏ ரைஃபிள் 200 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் போட்டுவிடும். மான் வேட்டை மட்டும்தான் என்றால் அரை எம்ஓஏ பேரல் வெறும் ஆசை. தாளில் வட்டத்துக்குள் வட்டம் போடுகிறவருக்கோ அரை எம்ஓஏ என்பதே தொடக்கம். நீங்கள் யார் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கான சமரசத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அளக்கும்போது மூன்று குண்டுக் கூட்டத்தை நம்பாதீர்கள். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தாலும் ஒரே ஓட்டையில் விழும். ஐந்து ஐந்தாக நான்கு முறை சுட்டுச் சராசரி எடுங்கள்.

குண்டு, பிறகு சுற்று

பேரலின் உட்சுவரில் திருகாணி மரைபோலப் புரிகள் ஓடுகின்றன. குண்டைச் சுழலவிட்டு அனுப்புவது அவைதான். பம்பரம் விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வேகமாகச் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும், சுழற்சி குறைந்தால் தலையாட்டி விழும். குண்டும் அப்படித்தான். குட்டைப் பம்பரத்தைவிட நெட்டைப் பம்பரத்துக்குச் சுழற்சி அதிகம் தேவைப்படுவதுபோல, நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். இங்கே கணக்கில் வருவது எடையைவிட நீளம்.

ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பதே 'ட்விஸ்ட்'. '1:10' என்றால் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் குறையக் குறையச் சுழற்சி வேகம். லண்டன் பக்கம் வூல்விச் ராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த சூத்திரம் இன்றும் கைக்கணக்குக்கு உதவுகிறது. குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்துவிடுங்கள். எல்லாம் அங்குலத்தில். 308இல் போட்டியாளர்கள் விரும்பும் 175 கிரெய்ன் எடையுள்ள குண்டின் நீளம் சுமார் 1.24 அங்குலம். 0.308 × 0.308 × 150 = 14.2, அதை 1.24ஆல் வகுத்தால் 11.5. அதற்குச் சமமாகவோ சற்று வேகமாகவோ, அதாவது 1:11 அல்லது 1:10 எடுத்தால் கவலையில்லை. 223 தோட்டாவில் 77 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். கணக்கு ஏழரையைக் காட்டும். பழைய 1:12 பேரலில் அதைப் போட்டால் குண்டு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகும். தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துளை மாதிரி நீள ஓட்டை விழுந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

கொஞ்சம் வேகமான சுற்றால் பெரிய நஷ்டமில்லை, மெதுவான சுற்றுக்குத்தான் மன்னிப்பே கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். அதற்கு மாற்றாக வரும் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது; அதே எடைச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். ஈயக் குண்டுக்குச் சரியாக இருந்த ட்விஸ்ட் அங்கே பற்றாமல் போகலாம். ஆகவே என்ன குண்டு சுடப்போகிறேன் என்று தெரியாமல் பேரல் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதைதான்.

தடிமனும் நீளமும்

சுடும்போது பேரல் தந்திபோல அதிரும். தடிமன் கூடினால் அதன் விறைப்பு நான்காம் அடுக்கில் கூடும். நீளம் கூடினால் மூன்றாம் அடுக்கில் குறையும். 0.6 அங்குலக் குழலை 0.8 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல், எடையோ இரண்டு மடங்குதான். 26 அங்குலத்தை 22 ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நீளமான பேரல்தான் துல்லியம் என்கிற பழைய நம்பிக்கை இதில் அடிபட்டுப்போகிறது. நீளம் தருவது வேகம். 308இல் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 25 அடி. தூர இலக்குக்கு அது உதவும், 150 கஜ மானுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேட்டைக்காரருக்கு மெல்லிய பேரலில் ஒரு குறை: நாலைந்து குண்டுக்குப் பிறகு சூடேறித் திசை நகரத் தொடங்கும். ஆனால் மான் நாலைந்து குண்டுவரை நின்றுகொண்டிருக்காது. குளிர்ந்த பேரலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதே அவருக்கு முக்கியம். பனியில் நாள் முழுக்கத் தோளில் சுமக்கப்போகிறவர் 22 அங்குல மெல்லிய பேரலோடு நிற்கட்டும். மேசையில் வைத்து இருபது இருபதாகச் சுடுகிறவர் 26 அங்குலக் கனத்த பேரல் போடட்டும். இரண்டும் வேண்டும் என்றால் நடுத்தர தடிமனில் 24 அங்குலம். கார்பன் இழை சுற்றிய பேரல் எடையைக் குறைக்கும், பர்ஸையும் சேர்த்துத்தான்.

யார் செய்தது, எதில் செய்தது

புரிகளை மூன்று விதமாகப் போடுகிறார்கள். ஒரு சிறு கத்தியால் மெல்ல மெல்ல வெட்டுவது ஒன்று. கிரீகர், பார்ட்லைன் பேரல்கள் அந்த ரகம். கடினமான உலோகப் பொத்தானை உள்ளே இழுத்துப் பதிப்பது இன்னொன்று. ஷைலன், ஹார்ட், லில்யா. உள்ளே ஒரு அச்சை வைத்து வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பது மூன்றாவது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இது வசதி. மூன்றிலும் நல்ல பேரல் உண்டு, மோசமானதும் உண்டு. முறையைப் பற்றிய வாதங்களில் நேரத்தை வீணாக்காதீர்கள். துளை முழு நீளமும் ஒரே அளவில் இருக்கிறதா, கையால் மெருகேற்றப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். ஹாரி போப் என்ற மேதை நூறாண்டுக்கு முன் கையால் செய்த பேரல்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

உலோகத்தில் இரண்டு வழி. 416ஆர் எஃகு துருப்பிடிப்பதைத் தாங்கும், போட்டியாளர்களின் விருப்பம். குரோம்-மாலிப்டினம் எஃகு விலை குறைவு, கறுப்புப் பூச்சு ஏற்கும். துல்லியத்தில் வித்தியாசம் சொல்லமுடியாது.

ஆயுளையும் கேட்டுவையுங்கள். 308 பேரல் சுமார் 5,000 குண்டுவரை ஈடுகொடுக்கும், 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கான பேரல் 2,000 முதல் 3,000 வரை. புரி தொடங்கும் தொண்டைப் பகுதியை வெப்பவாயு அரித்துவிடுவதே காரணம்.

பொருத்துவது

இதை வீட்டில் செய்யாதீர்கள். தோட்டா அறையின் ஆழம் ஒரு மயிரிழை தவறினாலும் தோட்டாக்கூடு முகத்தருகே வெடிக்கக்கூடும். அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்து, அளவுக் கட்டைகளால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் பேரல் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். இந்தியாவிலோ ஆயுதச் சட்டம் 1959இன்படி பேரலும் ஆயுதம்தான், உரிமம் வேண்டும்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியிருப்பதால் இங்கே இந்தப் பேச்சு தாளிலக்கோடு நின்றுவிடும்.

ஆர்டர் சீட்டில் குண்டின் எடை, நீளம், ட்விஸ்ட், பேரல் நீளம், தடிமன் ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். பேர்போன தயாரிப்பாளர்களிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் சீசன் நவம்பர் பிற்பாதியில் ஒன்பது நாள். அதற்கு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே சொல்லிவையுங்கள்.