கூட்டுறவுச் சங்கமும் ரண சிகிச்சையும்

குடியானவர் குடும்பத்தில் ஒருவருக்கு ரண சிகிச்சை அவசியமானால், மாடு கன்றை விற்பதும், நிலத்தை ஈடு வைப்பதும், அதிக வட்டிக்குக் கடன் வாங்குவதும் கிராமங்களில் நெடுநாளாகக் காணப்படும் துன்பமாகும். விதைக்கும் உரத்திற்கும் கடன் கொடுக்கும் சங்கம் இத்துன்பத்தையும் குறைக்கக்கூடும் என்பதற்குக் கர்நாடக ராஜ்யத்தின் யசஸ்வினி என்னும் ஏற்பாடு தக்க சான்றாகும்.

இருதய வைத்தியரான டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையைக் கூட்டுறவு இலாகா ஏற்க, 2003-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இது அமுலுக்கு வந்தது. கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் தலைக்கு மாதம் 5 ரூபாய், அதாவது வருஷத்திற்கு 60 ரூபாய் சந்தா செலுத்தினர். சர்க்காரும் பொருளுதவி செய்தது. முதல் வருஷத்திலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர்.

இதன் நடைமுறை பின்வருமாறு:

1. பால் சங்கம், கடன் சங்கம் முதலியவை சந்தாவை வசூலித்துப் பொது நிதியில் சேர்த்தன.

2. ஏற்பாட்டில் இணைந்த ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு ரண சிகிச்சைக்கும் முன்னதாக நிர்ணயித்த கட்டணத்திற்கு இசைந்தன.

3. அங்கத்தினர் அட்டையைக் காட்டியதும், ஆஸ்பத்திரி அனுமதி பெற்றுச் சிகிச்சை செய்து, குறித்த வரம்பு வரை தொகையை நிதியிலிருந்து பெற்றுக்கொண்டது. நோயாளி ரொக்கம் தேடி அலைய நேரவில்லை.

இவ்வளவு சிறு தொகை எவ்வாறு போதும் என்று சிலர் ஐயுறலாம். ஆயிரம் பேர் 60 ரூபாய் வீதம் செலுத்தினால் 60,000 ரூபாய் சேரும். அவர்களுள் ஒரு வருஷத்தில் ரண சிகிச்சை வேண்டுவோர் மிகச் சிலரே. சுகமாயிருப்போர் பலரின் சந்தா நோயுற்ற சிலரைக் காக்கின்றது. நோயாளிகள் மட்டுமே சேர்வாராயின் நிதி விரைவில் வற்றிவிடும். ஆகவே தனி மனிதரைவிடச் சங்கம் முழுவதும் சேர்வதே நலம்.

குறைகளும் இருந்தன. 2005-ஆம் வருஷத்தில் சந்தா 120 ரூபாயாக உயர்ந்தபோது அங்கத்தினர் தொகை குறைந்தது. நீண்டநாள் மருந்துண்ண வேண்டிய நோய்களுக்கு, ரண சிகிச்சைக்கென அமைந்த இந்நிதி பெரிதும் பயன்படவில்லை. 2018-ஆம் வருஷத்தில் இது சர்க்காரின் பொதுச் சுகாதாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2022-ஆம் வருஷத்தில் கூட்டுறவு அங்கத்தினருக்கெனத் தனியாக மீண்டும் தொடங்கப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டில் சேர விரும்பும் சங்கத்தார் மூன்று விஷயங்களை மகாசபையில் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்: எந்தெந்தச் சிகிச்சைகளுக்கு உதவி உண்டு? அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரி இதில் சேர்ந்துள்ளது? சந்தா செலுத்தவேண்டிய கடைசி நாள் எது? இவற்றை எழுதிச் சங்கக் கட்டடத்தில் யாவரும் காணும்படி ஒட்டி வைத்தல் காரியதரிசியின் கடமையாகும். அவசரம் நேர்ந்த இரவில் அந்த ஒரு காகிதம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.