பட்டறை வகுப்புக்கு நாட்குறித்தல்

நாட்குறித்தல் என்னும் சொல்லைக் கண்டவுடன் மணவினையை நினைந்து இப்பக்கத்திற்கு வந்த அன்பர் எவரேனும் உளராயின் அவர் எம்மைப் பொறுத்தருள்க. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது வேறு. பலர்க்கும் பொதுவானதொரு பட்டறையில், ஊதியம் கருதாது தம் கைத்தொழிலைப் பிறர்க்குக் கற்பிக்க ஒருவர் முன்வருங்கால், அவ்வகுப்பை எந்நாளில், எப்பொழுதில், எத்துணைப் பேர்க்கு, எம்முறையில் வைப்பது என்பதே எம் ஆராய்ச்சிக்குரிய பொருள். ஒரு தாளும் எழுதுகோலும் கடிகாரமும் இருப்பின் எவரும் செய்துமுடிக்கும் செயலன்றோ இது எனச் சென்ற ஆண்டு யாமும் எண்ணியிருந்தோம். கூட்டம் வாராத வகுப்புக்கு அவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தும். விரும்பி வருவோர் மிகுந்துவிட்டாலோ, யார் கற்பது, யார் கல்லாது திரும்புவது என்னும் தீர்ப்பு அட்டவணை எழுதுவோன் கையில் வந்துவிடுகின்றது. அவன் அதனை அறியாமலே எழுதியும் விடுகின்றான்.

இவ்வகை வகுப்புகளின் வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது, கிளாஸ்கோ நகரில் 1800-ஆம் ஆண்டு நிகழ்ந்ததாகும். அந்நகரத்து ஆண்டர்சன் கழகத்தில் பௌதிக நூல் கற்பித்துவந்தவர் ஜார்ஜ் பர்க்பெக் என்பார். அப்பொழுது அவர்க்கு வயது 24. எம்மினும் ஐந்தாண்டே மூத்தவர். தம் விரிவுரைக்கு வேண்டிய கருவியொன்றைப் பட்டறையிற் செய்வித்தபொழுது, தொழிலாளர் அதனைச் சூழ்ந்து நின்று, இஃது எவ்வாறு இயங்கும், எதற்குப் பயன்படும் என ஆவலோடு வினவக் கண்டார். கருவியைச் செய்யும் கைகட்கு அதன் இயல்பைச் சொல்வாரில்லையே என எண்ணி, சனிக்கிழமை மாலைதோறும் கட்டணமின்றி அவர்கட்கு விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். முதல் விரிவுரைக்கு வந்தோர் 75 பேர், இரண்டாவதற்கு 200, மூன்றாவதற்கு 300, நான்காவதற்கு 500.

இவ்வெண்களைப் படிக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. ஆயினும் எம் கருத்தைக் கவர்ந்தது எண்ணிக்கையினும் சனிக்கிழமை மாலை என்பதே. பேராசிரியர் ஒருவர்க்கு வாய்ப்பான வேளை பகற்பொழுது. ஆறு நாளும் உழைத்து, மறுநாள் ஓய்வை நோக்கியிருப்பவனுக்கோ வாய்ப்பான வேளை சனிக்கிழமை மாலை. கற்பிப்போன் தன் வாய்ப்பை விட்டுக் கற்போன் வாய்ப்பை நோக்கி நாட்குறித்தான், கூட்டம் வந்தது. 1823-இல் இலண்டன் மாநகரில் தொழிலாளர் கழகமொன்று தோன்றியபொழுதும் பர்க்பெக்கே அதன் முன்னணியில் நின்றார். அது பிற்காலத்து அவர் பெயரையே தாங்கி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகி, மாலை வகுப்புகட்குப் பெயர்பெற்று விளங்குகின்றது.

ஆனால் ஈண்டொரு வேறுபாடு உண்டு. விரிவுரையை 75 பேர் கேட்பினும் 500 பேர் கேட்பினும் பேசுவோன் குரல் ஒன்றே. பெரியதொரு மண்டபம் இருப்பின் அமையும். இழைப்புளி பிடிக்கக் கற்பிக்கும் வகுப்போ அத்தகையதன்று. இழைப்புளி எத்தனையோ, அத்தனை பேரே கற்கலாம். அவர்தம் கையை ஒவ்வொன்றாகத் திருத்த ஆசிரியர்க்கு இரண்டு கண்களே உள்ளன. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து நீல் கெர்ஷன்பெல்டு என்னும் பேராசிரியர், ஏறத்தாழ எப்பொருளையும் செய்வது எப்படி என்றொரு பாடத்தை 1998-இல் தொடங்கினார். பொறிகளைக் கருதிப் பதின்மர்க்கே இடம் வைத்திருந்தார். நூற்றுவர் அளவில் வந்து நின்றனர். பெரும் பொருளும் பொறியும் உடைய அவ்விடத்திலேயே அந்நிலையாயின், நான்கு மேசையுடைய பட்டறையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடர்க்கு ஒரு வழி இலண்டனிலேயே காணக்கிடக்கின்றது. பிரடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் குருவானவரும் அவர் நண்பரும் 1854-இல் உழைப்பாளர்க்கென ஒரு கல்லூரி நிறுவினர். ஆசிரியர் ஊதியம் பெறாதவர், வகுப்பு மாலையில். ஓவியம் கற்பிக்க ஜான் ரஸ்கின் வந்தார். அவரைத் தொடர்ந்து ரோசெட்டியும் வந்தார். நாடறிந்த ரஸ்கினிடத்துக் கற்க விழைந்தோர் பலராயிருந்திருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் வகுப்பிற் பயின்றோருள் ஜார்ஜ் ஆலன் என்னும் தச்சரும் ஒருவர். அவர் சின்னாளில் அங்கேயே துணை ஆசிரியராகித் தம் போன்றோர்க்குக் கற்பிக்கலானார். பின்னாளில் ரஸ்கினுடைய நூல்களை வெளியிட்டவரும் அவரே. கற்றவன் அடுத்தவனுக்குக் கற்பிப்பானாயின் ஆசிரியரின் ஒரு மாலை இரண்டாகின்றது. ரஸ்கின் தாமும் ஓவியப் பயிற்சி பற்றி 1857-இல் ஒரு நூல் எழுதி, வகுப்புக்கு வர இயலாதார்க்கும் பாடம் எட்டச்செய்தார். அக்கல்லூரி ஆடவரை நோக்கி எழுந்தது. உழைக்கும் பெண்டிர்க்கெனத் தனிக்கல்லூரி 1864-இல்தான் அங்கே தோன்றிற்று.

இவையெல்லாம் யாம் பின்னர்ப் படித்தறிந்தவை. முன்னரே படித்திருப்பின் சென்ற ஆண்டு நேர்ந்த பிழைகளுட் சில நேர்ந்திரா. எம் மாணவர் தொண்டுக்குழு, பயனின்றிக் கிடந்த பழைய தச்சுக்கூடத்தைத் தூய்மை செய்து, அண்டைத் தெருக்களில் வாழ்வார் தம் வீட்டுப் பொருள்களைத் தாமே பழுதுபார்க்கக் கற்கும் பொருட்டு ஒரு வகுப்புத் தொடங்கிற்று. தொழிலினின்று ஓய்ந்த முதிய தச்சர் ஒருவர் மனமுவந்து கற்பிக்க இசைந்தார். எம் வகுப்புகள் முடிந்தவுடன் வாய்ப்பாக இருக்குமென்று மாலை 4.30 மணி எனக் குறித்தோம். முந்தி வந்தோர்க்கு முதலிடம் என்று எழுதி, கல்லூரி வாயிலிலே அறிவிப்பும் ஒட்டினோம். இடம் 8 பேர்க்கு. அன்று மாலைக்குள் எட்டும் நிரம்பின; அவற்றுள் ஆறு விடுதி மாணவர் பெயர்கள்! யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் அறிவிப்பைக் கண்டபொழுது தாளில் இடமில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் யாம் பட்டறையைப் பூட்டும்பொழுது கட்டட வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர் வந்தார். கைகளிற் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. தம் வீட்டுக் கதவின் அடிப்பாகம் இற்றுப்போயிற்றென்றும், ஆசாரிக்குக் கூலி கொடுக்க வழியில்லையென்றும், தாமே கற்றுச் செய்யலாமென்று வந்ததாகவும் கூறினார். வகுப்பு முடிந்துவிட்டதென்றோம். “ஆறு மணிக்குத்தானே தம்பி எங்களை வேலையிலிருந்து விடுகிறார்கள்? அதற்குமேல் பாடம் இல்லையா?” என்றார். அடுத்த முறை பார்க்கலாம் என்று யாம் சொன்ன விடை எமக்கே நாணத்தைத் தந்தது.

அந்நாணத்தாற் செய்த செயல் முன்னதினும் பெரும்பிழையாயிற்று. பெரியவரைக் கேட்டு, வாரத்தில் மூன்று மாலைகள் மூன்று குழுக்கட்கு வகுப்பு வைத்தோம். மறுக்க மனமின்றி அவரும் ஒப்பினார். மூன்று வாரம் சென்றபின், கை வலிக்கிறதென்று தம் பேரன் வாயிலாகச் சொல்லியனுப்பினார். அவரைக் காணச் சென்றோம். “கைவலி ஒன்றுமில்லை தம்பி. உளி பிடிக்கிற பாடத்தையே மூன்று நாளும் மூன்று தரம் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. வேலை நடக்கிற பாடத்துக்கு என்றைக்கு வருவோம் என்றிருக்கிறது” என்று நகைத்துக்கொண்டே கூறினார். தொண்டரைக் களைப்புறச் செய்வது வேலையின் மிகுதி மட்டுமன்று, ஒன்றனையே திரும்பத் திரும்பச் செய்தலும் ஆம் என்பதை அன்றுதான் கற்றோம்.

அவர் வாய்மொழியைக் கொண்டு கணக்கொன்று இட்டுப் பார்த்தோம். கணிதம் எமக்குரிய துறையன்று. ஆதலின் எளிய எண்களாலேயே சொல்வோம். மேசை 4, மேசைக்கு இருவராக 8 பேர். கற்க விழைவோர் 40 பேர் எனக் கொள்க. பாடங்கள் 4, ஆசிரியர் வாரத்திற்கு ஒரு மாலை தருகின்றார். குழுக்கள் 5 ஆதலின் 20 வாரம் வேண்டும். ஒரு பருவத்தில் அடங்காது. இனி, முதற்பாடம் கருவிகளின் பெயரும், கூர்மையும், கை காக்கும் முறையுமே ஆதலின் அதற்கு மேசை வேண்டுவதில்லை. அதனை 40 பேர்க்கும் ஒரே மாலையிற் சொல்லிவிட்டால், எஞ்சிய மூன்று பாடங்கட்குக் குழுவிற்கு 3 வாரமாக 15 வாரம். ஆக 16 வாரம். முதற்குழு நான்காம் வாரத்திற் கற்றுமுடிக்கும். அவருள் கைதேர்ந்த இருவர் துணையாசிரியராகி மற்றொரு மாலையை ஏற்பாராயின், எஞ்சிய நான்கு குழுக்களின் 12 பாடங்களும் 6 வாரத்தில் முடியும். ஆக 10 வாரம். பெரியவர்க்கு வாரம் ஒரு மாலைக்கு மேற் சுமையில்லை. கடைசிக் குழுவினர் முதற்பாடத்தை மறந்திருப்பரே எனின், உண்மை. மேசையில் நின்றவுடன் துணையாசிரியர் கால்மணி நேரம் அதனை நினைவூட்டல் வேண்டும்.

பெயர் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றி எம் குழுவில் நீண்ட வழக்கு நிகழ்ந்தது. முந்தி வந்தோர்க்கு முதலிடம் என்பது நேர்மைபோலத் தோன்றினும், பகலில் ஓய்வுடையோர்க்கே அது துணைபுரிகின்றது. வறுமையை ஆராய்ந்து இடமளிக்கலாம் என்றார் ஒருவர். பிறர் வறுமையை எடைபோட எமக்கு உரிமை யார் தந்தார்? முடிவில் எம்முள் ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைவூட்டினார். முதற் பராந்தக சோழர் காலத்து அவ்வூர்ச் சபையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தே வாரியத்தாரைத் தெரிந்தனர். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தார் பெயர் குடத்தில் இடப்படாது. இவ்வீற்று விதியே எமக்குப் பெரிதும் உவப்பாயிற்று. ஒரு வாரம் முழுவதும், இரவு 8 மணிவரை, பெயர் கொள்வது. முன்னர்ப் பயின்றார் பெயரை விலக்குவது. எஞ்சியவற்றைக் குடத்திலிட்டுக் குழுக்களின் வரிசையை அறிவது என உறுதிசெய்தோம். விடுதி மாணவர் தம் பெயரையும் இடலாம். ஆயின் அவர்க்குக் கடைசிக் குழுவிலேயே இடம். சிலர் முணுமுணுத்தனர்.

நாளைப் பொறுத்தமட்டில் கிளாஸ்கோவை அப்படியே பின்பற்ற இயலவில்லை. எம் அண்டைத் தெருவினர்க்குச் சனிக்கிழமை மாலை கூலி பெறும் மாலை. அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு கடைக்குச் செல்வர். யாமே வீடுதோறும் சென்று வினவியபின் செவ்வாயும் வியாழனும் 7 முதல் 8.30 வரை எனக் குறித்தோம். பெரியவர் செவ்வாயை ஏற்றார்.

அவ்வம்மையார் பெயர் குடத்திலிருந்து இரண்டாம் குழுவில் வந்தது. மேசைமேல் வேலை செய்யும் முதல் மாலையன்று, தாமும் தம் மகனுமாகக் கதவையே கழற்றிச் சுமந்துவந்து பட்டறை நடுவில் இறக்கினர். எம் மேசை எதன்மேலும் அது அமையவில்லை. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். அம்மேசைக்குரிய இருவர்க்கு அன்று இடமில்லாது போயிற்று. அவர்கள் பாடத்தை வியாழக்கிழமைக்கு மாற்றி, அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.