அளவும் ஆவணமும்

லேக் மார்க்கெட் பகுதியில் வாடகை கொடுத்தே காலம் கழித்தவர் என் தந்தையார். ஓய்வு பெற்றதும், சேமநிதிப் பணத்தில் ஜாதவ்பூரில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட விரும்பினார். பார்த்துவரும் பொறுப்பு எனக்கு.

இங்கே நிலத்தைக் கட்டாவில் பேசுவர். ஒரு கட்டா 720 சதுர அடி. சென்னையில் சொல்லும் கிரவுண்டு 2,400. 900 சதுர அடி என்று தரகர் சொன்ன வீட்டை அளவுநாடாவால் அளந்தேன். சுவர்களுக்குள் 650கூட இல்லை! படிக்கட்டு, லிஃப்ட், நடைவழியில் நம் பங்கையும் கூட்டிய கணக்காம். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் உள்ளளவைத்தான் ‘கார்ப்பெட் ஏரியா’ என்கிறது. விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் தனிச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 மே 4இல் செல்லாதென்று விட்டதால், இங்கும் ரெராதான்.

அளவினும் பெரிது உரிமை. பிஜய்கர், ஆசாத்கர் போன்றவை பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் தாமே அமைத்த குடியிருப்புகள். அரசின் உரிமைப் பத்திரம் பல்லாண்டு கழித்தே வந்தது. இன்று அத்தகைய மனையில் பிரமோட்டர் மாடி கட்டி, மனைக்காரரோடு வீடுகளைப் பங்கிட்டுக்கொள்கிறார். நாம் வாங்குவது எவர் பங்கு? வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டனரா? பத்திரத்தில் விற்பனைத் தடை உண்டா? மாநகராட்சி ஒப்புக்கொண்ட வரைபடத்தில் அந்த மாடி இருக்கிறதா? கட்டி முடித்த சான்றிதழ் எங்கே?

முன்பணம் கேட்டுத் தரகர் நாள்தோறும் அழைக்கிறார். நான் கேட்ட ஐந்து தாள்களில் இரண்டே வந்துள்ளன. பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது; தந்தையாருக்குத்தான் என்மேல் சற்று வருத்தம்.