கண்ணாடிக் கிண்ணத்து ஆமை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று அஞ்சும் வீட்டிலேயே அதிர்ஷ்டத்துக்கென்று ஒரு பித்தளை ஆமை தண்ணீர்த் தட்டில் நிற்கும். இவற்றால் உயிருள்ள ஆமைக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் செய்பவை வேறு நம்பிக்கைகள்.

நம்பிக்கை: வளவுக்குள் வந்த ஆமையை வைத்து வளர்க்கலாம்.

உண்மை: நட்சத்திர ஆமை, காராமை, பாலாமை மூன்றும் இலங்கையில் இயல்பாக வாழ்பவை. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அதிலும் நட்சத்திர ஆமை வரண்ட வலயத்துப் புதர்க்காட்டு உயிர். ஈர வலயத்து வத்தளையின் ஈரம் அதற்கு ஒத்துவராது. மழைக்கு ஏறிவந்த பாலாமையைக் கால்வாயோரத்திலேயே விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் 1992க்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: கடையில் விற்கும் பச்சைக் குஞ்சு அதே அளவில்தான் இருக்கும்.

உண்மை: கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள அந்தச் சிவப்புக்காது ஆமைக் குஞ்சின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகை. பெண் ஆமை 25 செ.மீ. வரை வளரும், நன்றாகப் பராமரித்தால் 20, 30 வருடம் வாழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால், பிள்ளை வேலைக்குப் போன பிறகும் வீட்டில் ஒருவர் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: ஒரு கிண்ணமும் ஜன்னல் வெளிச்சமும் போதும்.

உண்மை: நீந்த ஆழம் வேண்டும், முழு உடம்பும் ஏறிக் காயக் கல் வேண்டும். ஓடு கெட்டிப்பட வைட்டமின் டி3 தேவை. அது உடம்பில் உண்டாக வெயிலின் புறஊதா பி கதிர் நேராகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் மறித்துவிடும். வெயில் கிடைக்காத ஆமைக்கு ஓடு மெத்தென்றாகி வளையும். அதற்காகக் கிண்ணத்தைத் தூக்கி வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடேறி ஆமை செத்துப்போகும். காலை வெயில் விழும் முற்றத்தில் பெரிய சீமெந்துத் தொட்டி வையுங்கள். பாதி நிழலாக இருக்கட்டும், காகம் கொத்தாமல் மேலே கம்பிவலை போடுங்கள். பாணும் சோறும் அதற்கு உணவல்ல. ஆமைத் தீனியோடு கங்குன் இலையும் சிறுமீனும் கொடுக்கலாம்.

நம்பிக்கை: தண்ணீரிலேயே கிடப்பதால் ஆமை சுத்தமானது.

உண்மை: நோயில்லாத ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். பிள்ளைகளுக்கு நோய் பரவியதால் 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

நம்பிக்கை: அலுத்துவிட்டால் முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் விடுவது புண்ணியம்.

உண்மை: உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்தச் சிவப்புக்காது ஆமையும் இருக்கிறது. விட்ட இடத்தில் காராமையின் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் இது போட்டிக்கு நிற்கும், நோயையும் கொண்டுபோகும். ஹமில்டன் கால்வாயில் விட்டாலும் இதே கதைதான். வைத்திருக்க முடியாதவர், வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவரும் கிடைக்கமாட்டார் என்று இப்போதே தோன்றினால், குஞ்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.