தடுப்பூசி போட்டவருக்கும் மணமும் ருசியும் போவது ஏன்?



“இரண்டு ஊசியும் போட்டாயிற்று. பிறகு எப்படிக் கொரோனா வந்தது? எப்படி வாசனையே தெரியாமல் போனது?” 2021 கோடையில் இரண்டாம் அலை வந்தபோது நம் வீடுகளில் எழுந்த கேள்வி இது. பதில் தெரியாததால் சிலர், “ஊசி போட்டாயிற்று, இது வெறும் சளிதான்” என்று வயதான பெற்றோரின் பக்கத்திலேயே இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், “ஊசியால் ஒரு பயனும் இல்லை” என்று பெரியவர்களுக்கு அடுத்த ஊசியைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஆகவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

போனது நாக்கா, மூக்கா?

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் நாக்கு அறியும். மற்றவை மணம். உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்குப் போகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நம் தருமபுரிப் புளியில் வைத்த ரசத்தைக் கொஞ்சம் குடித்துப் பாருங்கள். புளிப்பும் உப்பும் தெரிந்து, மிளகின் காரமும் உறைத்து, சீரகமும் பூண்டும் மட்டும் தெரியவில்லை என்றால், போனது மணம். நாக்கு நலமாக இருக்கிறது. புளிப்பும் உப்புமே தெரியவில்லை என்றால் நாக்கின் சுவையும் பாதிக்கப்பட்டிருக்கிறது. கொரோனாவில் இரண்டும் நடக்கலாம்.

சாதாரணச் சளியில் மூக்கு அடைத்துக்கொள்வதால் மணம் தெரிவதில்லை. கொரோனாவிலோ மூக்கு அடைக்காமலேயே மணம் திடீரென்று போய்விடலாம். இதை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 13 அன்று கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்தது.

மூக்கின் உச்சியில் மணத்தை அறியும் நரம்பு செல்களும், அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களும் இருக்கின்றன. வைரஸ் முக்கியமாகத் தாக்குவது துணைச் செல்களை. அவை சேதமானால் நரம்பு செல்களும் வேலை செய்ய முடிவதில்லை. துணைச் செல்கள் மறுபடி வளரக்கூடியவை. அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பிவிடுகிறது.

ஊசி என்ன செய்தது?

முதலில் ஒன்று: ஊசியால் கொரோனா தொற்று வராது. கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். கோவிஷீல்டில் கொரோனா வைரஸே இல்லை.

கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, நுரையீரலையும் உயிரையும் காக்கிறது. மூக்கின் உள்தோலில் அந்தக் காவல் குறைவு. மாதங்கள் செல்லச் செல்ல இன்னும் குறைகிறது. வீட்டுக்குள் பூட்டு போட்டாயிற்று, ஆனாலும் திருடன் திண்ணைவரை வந்துவிடலாம் என்பது போன்றது இது.

இரண்டாம் அலையின்போது, ஊசி போட்ட பின்னும் தொற்று கண்ட 677 பேரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்தது. பெரும்பாலோருக்கு வந்தது டெல்டா வகை. அறிகுறி கண்டவர்களில் 69 சதவீதத்தினருக்குக் காய்ச்சல். 22 சதவீதத்தினருக்கு மணமும் ருசியும் போயிருந்தன. ஆனால் 677 பேரில் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தவர்கள் 9.8 சதவீதம், இறந்தவர்கள் 0.4 சதவீதம்.

பிறகு ஒமைக்ரான் வந்தது. இரண்டு ஊசியாவது போட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், டெல்டா காலத்தில் 52.7 சதவீதத்தினருக்கு மணம் போயிருந்தது; ஒமைக்ரான் காலத்தில் அது 16.7 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே, மணம் போகவில்லை என்பதால் கொரோனா இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மணம் திடீரென்று போனால், ஊசி போட்டவரானாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முகக்கவசம் அணிந்து, முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரிடமிருந்து விலகியிருங்கள். குணமாகும்வரை தொழுகையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரையில் கவனம் தேவை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றே நாற்றம் சேர்க்கிறார்கள். மணம் தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடுங்கள். கசிவு இருந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. பாலும் பழைய குழம்பும் கெட்டுவிட்டனவா என்பதை மணம் தெரிந்த வேறொருவர் பார்க்கட்டும். ருசி இல்லையே என்று உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வாரத்திலும் மணம் திரும்பாவிட்டால் மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜெர்மனி மருத்துவர்கள் பரவலாக்கிய முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக, அந்த மணத்தை மனத்தில் நினைத்தபடி, 20 வினாடி மெதுவாக முகர வேண்டும். காலையும் இரவும், குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். ஃபஜ்ருக்குப் பிறகும் இஷாவுக்குப் பிறகும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தைலத்தைப் பஞ்சில் நனைத்து முகருங்கள், மூக்கில் விடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

குணமாகும் காலத்தில் சிலருக்கு வெங்காயமும் காபியும் வறுத்த இறைச்சியும் அழுகிய நாற்றமாகத் தெரியும். நரம்பு மறுபடி வளரும்போது இப்படி வருவதுண்டு. “சமைத்ததைக் குறை சொல்கிறார்” என்று வீட்டில் கோபப்படாதீர்கள். ஆறிய உணவு, தயிர்சாதம், பழம் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையோடு அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணம். மூச்சுத் திணறல், முகத்தில் ஒருபக்க வலி அல்லது வீக்கம், மூக்கில் கருஞ்சளி, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒரு மாதம் கடந்தும் மணம் வராதவர்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மணம் போனவர் தம் வீட்டில் உயிரோடு இருந்து அதைத் திரும்பப் பெறுகிறார் என்றால், ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. மற்றவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.