சூதாட்டமும் குற்றமும்: டெல்லியில் உலவும் நம்பிக்கைகள்

நம்பிக்கை: பத்து, இருபது ரூபாய் சட்டாவால் யாருக்கு என்ன கெடுதல்?

உண்மை: டெல்லித் தெருமுனைகளில் நடக்கும் நம்பர் சட்டாவில் 00 முதல் 99 வரை ஓர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுவார்கள். எண்ணும் தொகையும் கிறுக்கிய துண்டுச் சீட்டுதான் கணக்கு, ‘பர்ச்சி’ என்பார்கள். நம்பர் விழுந்தால் 10 ரூபாய்க்கு வழக்கமாக 900 கிடைக்கும். நூறு எண்ணுக்கும் பத்துப் பத்தாகக் கட்டினால் போவது 1,000, வருவது 900. தினமும் ஆடுகிறவன் தோற்றே தீருவான். கைக்காசு தீர்ந்ததும் கடனுக்கு ஆட விடுவார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பம்.

நம்பிக்கை: சூதாடி திருடனாவான், சூதாட்டத்தால் விளையும் குற்றம் அவ்வளவுதான்.

உண்மை: திருட்டும் நடக்கிறது. ஆனால் பலர் கைவைப்பது சொந்த வீட்டு நகையிலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலும்தான். நம் கண்ணில் படாதது கடன் வசூல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. அதனால்தான் வசூலுக்கு மிரட்டலும் அடியாளும் வருகிறார்கள். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன் ஹான்சி குரோன்யே சிக்கிய கதையை நினைத்துப் பாருங்கள். டெல்லி போலீஸ் கிரிக்கெட்டைத் தேடிப் போகவில்லை. பணம் பறிப்பு வழக்கு ஒன்றுக்காகத் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள்; காதில் விழுந்தது மேட்ச் பிக்சிங் பேரம்!

நம்பிக்கை: நாலு பேரை உள்ளே தள்ளினால் எல்லாம் ஒழிந்துவிடும்.

உண்மை: 2013 மே மாதம் ஐபிஎல் ஸ்பாட் பிக்சிங் வழக்கில் ஸ்ரீசாந்த் உட்பட மூன்று வீரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. 2015 ஜூலையில் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. தெருவிலோ எளிதில் அகப்படுவது பர்ச்சி எழுதும் பையன். அவன் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவன். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பிடிக்க வேண்டிய ஆளை இந்தச் சட்டம் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாரையாவது பந்தயக் கடனுக்காக மிரட்டினால், மானம் போய்விடுமே என்று தாலிக்கொடியை விற்று அடைக்காதீர்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவின்படி குற்றம். தயங்காமல் 112ஐ அழையுங்கள்.