பழந்துணியில் மலர்ந்த கலை

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முதுமொழி. கந்தையைக் கலையாகவே மாற்றிய தோட்டத் தொழிலாளப் பெண்கள் சிலரின் வரலாற்றை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த சிற்றூர் கீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் கீ என்பவர் அங்குப் பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் அது மார்க் பெட்வே என்பவரின் உடைமையாயிற்று. உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். அடிமைமுறை 1865இல் ஒழிந்த பின்னும், அவர்களின் வழிவந்தோர் அதே மண்ணில் வாரக் குடிகளாகப் பாடுபட்டனர். பலருக்கு இன்றும் பெட்வே என்பதே குடும்பப் பெயர்.

1932இல் பெருந்துன்பம் நேர்ந்தது. பருத்தி விலை வீழ்ந்திருந்த வேளையில், கடன் கொடுத்து வந்த வணிகர் இறந்தார். அவர் குடும்பத்தார் கடனுக்காகக் கருவிகளையும் கால்நடைகளையும் உணவுப் பொருள்களையும் கைப்பற்றிச் சென்றனர். எஞ்சியவை உழைக்கும் கைகளும் உடுத்திக் கிழிந்த உடைகளுமே.

போர்வை உருவான விதம்

மரவீடுகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்று புகும். புதுப் போர்வை வாங்கப் பொருளில்லை. ஆகவே பெண்கள் கிழிந்த வேலையுடைகளையும் மாவுப் பைகளையும் வெட்டி இணைத்தனர். நடுவே பருத்திப் பஞ்சைப் பரப்பி, அடித்துணி வைத்துத் தைத்தனர். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என வளரும் அமைப்புக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயரிட்டனர். வெளுத்த நீலக் கால்சட்டையில் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். அதை அவர்கள் மறைக்கவில்லை, அதுவே அழகாயிற்று.

1942இல் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரது நினைவைப் போர்த்திக்கொள்ளவே அவ்வாறு செய்தார் என்று மகள் பிற்காலத்தில் கூறினார்.

கூட்டு முயற்சியின் பயன்

1962இல் அவ்வூரின் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வாக்காளராகப் பதிய மக்கள் ஆற்றைக் கடந்து சென்ற காலம் அது. மீண்டும் படகு ஓடியது 2006இல்தான். அந்த இடர்ப்பாட்டுக்கிடையே, 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் தையல் கூட்டுறவு ஒன்றை நிறுவித் தம் கைவினையை விற்றனர். 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் அப்போர்வைகள் சுவரோவியங்களைப் போலத் தொங்கவிடப்பட்டன. 2006இல் அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பெற்றன.

நாமும் செய்து பார்ப்போம்

1. பழைய கைலி, சேலை, சட்டைகளை நன்கு துவைத்து உலர்த்துக.
2. நைந்த பகுதியை நீக்கி, உறுதியான துண்டுகளை மட்டும் வெட்டுக.
3. தடித்த துணியையும் மெல்லிய துணியையும் கலவாதீர். தடித்தது மெல்லியதை இழுத்துக் கிழிக்கும்.
4. நடுச்சதுரத்தில் தொடங்கிப் பட்டைகளைச் சுற்றிலும் இணைக்க.
5. பழஞ்சேலையை அடித்துணியாக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத்தையல் இடுக.

நம் வேலையுடையில் படிந்த பால்கறை எத்தனை துவைத்தாலும் போவதில்லை. அதை இழிவென்று கருத வேண்டா. அது உழைப்பின் கையெழுத்து. அத்துணியை எறியுமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்போம். பெற்றோர் உழைத்த கதையை அறிந்துகொள்ள, பிள்ளைகளுக்கு அதில் ஒரு போர்வை மிஞ்சட்டும்.